நாகவள்ளி வைத்த பானை

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். கார்மேகம் அப்படியொன்றும் கெட்டிக்காரன் இல்லை. அதனால்தானோ என்னவோ அவன் சொன்ன ஒரு புளுகு ஆறு வருஷம் ஓடியது.

துபாய்க்குத் தெற்கே அல் ஐனில் பேரீச்சந்தோப்பை ஒட்டி ஒரு பழைய பண்ணை வீடு இருக்கிறது. மண்ணையும் வைக்கோலையும் குழைத்து அறுத்த கல்லால் கட்டிய சுவர். பேரீச்சை மரத்தைப் பிளந்து போட்ட உத்தரம், அதன்மேல் ஓலைப்பாய், அதன்மேல் மறுபடியும் மண். நாலு அறை, ஒரு முற்றம், ஒரு கிணறு, காவலுக்கு உருண்டையாக ஒரு கோபுரம். பழ மூட்டைகளை அடுக்கிப் பாகு வடியவிடுவதற்கென்றே தனியாக ஓர் அறை உண்டு. தரையில் வரிவரியாக வாய்க்கால் ஓடி, கடைசியில் ஒரு சாடியில் போய் முடியும். அந்த வீட்டுக்காரர்கள் ஐம்பது வருஷத்துக்கு முன்பே ஏசி வீட்டுக்குக் குடிபோய்விட்டார்கள். பிறகு அரசாங்கத்தார் வீட்டைப் பழுது பார்த்து, அந்தக் காலத்துச் சாமான்களைத் தேடிப்பிடித்து வந்து, எது எங்கே இருந்ததோ அங்கேயே வைத்து, அடியில் எண் ஒட்டி, வரைபடம் போட்டுப் பூட்டி வைத்திருந்தார்கள். என்றைக்காவது ஒருநாள் சனங்களுக்குத் திறந்துவிடுவதாக ஏற்பாடு.

மழை பெய்தால் சுவர்ப்பூச்சு கரையும். அதைத் திரும்பப் பூச, கூட்ட, துடைக்க ஒரு காண்ட்ராக்ட் கம்பெனி ஆள் போட்டிருந்தது. அந்த ஆள்தான் கார்மேகம். முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரன், வயது நாற்பத்திரண்டு. பகல் முழுக்க அந்த வீட்டில் நின்றாலும் அவன் தலைசாய்க்கிற இடம் வேறு. சனாயியா என்கிற தொழிற்பேட்டையில் கம்பெனி கேம்ப். ஒரு ரூமில் நாலு இரட்டைக் கட்டில், எட்டு ஆள். கார்மேகத்துக்குக் கீழ்க்கட்டில். வந்து இத்தனை வருஷத்தில் அவனுக்குக் கிடைத்த ஒரே பதவி உயர்வு அதுதான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை. கேம்பில் நெட் திக்கித்திக்கி நின்றுவிடும். பண்ணை வீட்டிலோ இஞ்சினியர்களுக்காக வைஃபை போட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். சாயங்காலம் வரைக்கும் காவலுக்கு இவன் ஒருத்தன்தான். நடு அறையில் உட்கார்ந்து போட்டிம் ஆப்பில் மனைவிக்கு வீடியோ கால் போட்டான். நாகவள்ளியின் முகம் வந்தது. அவள் கண் இவன் முகத்தில் நிற்கவில்லை, பின்னால் போயிற்று.

"வீடு நல்லாருக்கே! மண்ணு வீடா? குளுகுளுன்னு இருக்குமே. ஒங்களுக்குன்னு குடுத்துருக்காகளா?"

"ம்," என்றான் கார்மேகம்.

அந்த ஒரு 'ம்'தான் புளுகு. எட்டு பேர் ரூமைக் கண்டால் அவளுக்குச் சோறு இறங்காது என்று நினைத்தான். அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்றும் நினைத்தான். நல்லவன் பொய் சொல்ல ஆரம்பித்தால் இப்படித்தான், எல்லாவற்றுக்கும் அடுத்த வாரம் என்று ஒரு கணக்கு வைத்திருப்பான்.

அடுத்த வாரம் அவள் முந்திக்கொண்டாள். "ஏங்க, அந்தத் தண்ணிப் பானைய எதுக்கு அம்புட்டுத் தள்ளி மூலையில வச்சிருக்கீக? கதவுப் பக்கம் கொண்டாங்க."

மேற்கு மூலையில் ஜன்னலடியில் இருந்த பெரிய மண்பானை அது. அடியில் பதினேழாம் எண். கார்மேகம் போனைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பானையைத் தூக்கினான்.

"இன்னங் கொஞ்சம்... நெலைக்கு இந்தப் பக்கம்... ஆங், அதான் எடம்."

முதல் ஒரு மாசம் அவன் வெள்ளிக்கிழமை பானையைக் கதவுப் பக்கம் வைப்பான், சனிக்கிழமை காலையில் மூலைக்கே கொண்டுபோய்விடுவான். பிறகு ஒரு சனிக்கிழமை கொண்டுபோகவில்லை. மறந்துவிட்டான் என்றா நினைக்கிறீர்கள்? மறக்கவில்லை. அவள் வைத்ததை எடுக்க அவனுக்கு மனசு வரவில்லை.

நாகவள்ளி பட்ட பாட்டையும் சொல்லவேண்டும். கல்யாணமாகிப் பதினாலு வருஷம். அதில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கூரையின் கீழ் இருந்ததைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்றரை வருஷம்கூடத் தேறாது. பிள்ளை இல்லை, ஏன் இல்லை என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும். அவள் இருப்பது கார்மேகத்தின் அண்ணன் வீட்டில். அடுப்படி அண்ணன் பெண்டாட்டியின் ராஜ்யம். உப்பு டப்பா எந்தத் தட்டில் இருக்கவேண்டும் என்பதுகூட மூத்தவள் வைத்த சட்டம்தான். கெட்டவள் இல்லை, ஆனால் வீடு அவளுடையது. நாகவள்ளிக்கென்று அங்கே ஒரு டிரங்குப் பெட்டி உண்டு. அதைக்கூட நெல் மூட்டை வந்தால் நகர்த்திக் கொடுக்க வேண்டும்.

அப்படிப்பட்டவளுக்கு கடலுக்கு அப்பால் என்றாலும் ஒரு வீடு கிடைத்தால் விடுவாளா? பாயை இப்படி மடியுங்கள் என்றாள். பித்தளை ஆணி அடித்த பெட்டியைச் சுவரோடு ஒட்டாதீர்கள், கறையான் ஏறும் என்றாள். காப்பிக் கூஜாக்களின் மூக்கு வாசலைப் பார்க்கக்கூடாது, திருப்பி வையுங்கள் என்றாள். அரிக்கேன் விளக்கின் இடம் மாறியது, முறங்களின் இடம் மாறியது. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று அவனும் சளைக்காமல் தூக்கித் தூக்கி வைத்தான். இரண்டாம் வருஷத்திலேயே அவள் வாயில் அது 'நம்ம வீடு' ஆகிவிட்டது. "நம்ம வீட்டு வெளக்குக் கண்ணாடிய இந்த வாரம் தொடைக்கலையா?" என்பாள். மூன்று தடவை லீவில் ஊருக்குப் போனான். மூன்று தடவையும் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்று இறங்கினான். மூன்று தடவையும் சொல்லாமல் பஸ் ஏறினான். அந்த வீட்டை எடுத்துவிட்டால் அவளுக்குக் கொடுக்க வேறு என்ன இருக்கிறது அவனிடம்?

இப்படி இருக்கையில்தான் போன மாசம் ஒரு திங்கட்கிழமை அஃப்னா மேடம் வந்தாள். பூர்வீகம் கீழக்கரை, பிறந்து வளர்ந்தது துபாய் தேராவில். அரபி தண்ணீராக வரும். வீட்டுச் சாமான்களுக்கெல்லாம் பதிவு வைப்பது அவள் வேலை. அதுவரை வருஷத்துக்கொரு தடவை வாசலில் நின்று சாமான் எண்ணிக்கை சரியா என்று மட்டும் பார்த்துப் போவாள். அன்றைக்கு வரைபடத்தோடு வந்து அறை அறையாக நுழைந்தாள்.

அரைமணி நேரத்தில் வெளியே வந்தாள். "அண்ணே, பதினோரு ஐட்டம் எடம் மாறிக் கெடக்கு."

"தூசி தட்டுறப்ப நகந்துருக்கும் மேடம்."

"பதினோரு சாமானும் தானா எந்திரிச்சு நடந்துபோச்சா?"

கார்மேகம் தரையைப் பார்த்தான். அதற்குமேல் அவள் துருவவில்லை. "சரி, இது ரிப்போர்ட்ல போனா ஒங்க கம்பெனி ஒங்கள ஊருக்கு ஏத்திரும். நான் எழுதல. புதன்கெழமைக்குள்ள எல்லாத்தையும் பழைய எடத்துல வச்சிருங்க. இந்த வீட்டுல பொறந்த மோஸா உம்மா வர்றாங்க. அவங்க பாத்துச் சரின்னு சொன்னா ஞாயித்துக்கெழமை ஓப்பனிங். அதுக்குப் பொறவு ரூமுக்கு ரூம் கயிறு, கேமரா, தனி செக்யூரிட்டி. ஒங்களுக்கு வெளிச்சுவர் டியூட்டி மட்டுந்தான், உள்ள வரவேண்டியிருக்காது."

"வெள்ளிக்கெழமையுமா மேடம்?"

"வெள்ளிக்கெழமைதான் கூட்டமே வரும்." அவன் ஏன் அதைக் கேட்டான் என்று அவளுக்கு விளங்கவில்லை.

அன்றைக்குக் கேம்பில் மேல்கட்டில் விஜயபாஸ்கரிடம் எல்லாவற்றையும் கொட்டினான். திருவாரூர்ப் பையன், யோசனைக்குப் பஞ்சமில்லை. "இதுக்கா அண்ணே மூஞ்சிய தொங்கப்போட்டுக்கிட்டு? கம்பெனி வேற வீடு மாத்திட்டான்னு சொல்லிடுங்க. கதை கலாஸ்."

"வேற வீட்டக் காட்டுன்னு சொல்லுவாளேடா."

"காட்டுறதுக்கு வேற ஏதாச்சும் பாப்போம்."

"பானையையும் எடுத்துட்டு வந்தீகளான்னு கேப்பா," என்றான் கார்மேகம்.

செவ்வாய்க்கிழமை சாமான்களை இடம் மாற்ற ஆரம்பித்தான். பாயைப் பழையபடி சுருட்டினான். பெட்டியைச் சுவரோடு தள்ளினான். கூஜாக்களின் மூக்கை வாசலுக்குத் திருப்பினான். ஒவ்வொன்றையும் எடுக்கும்போது அது வந்த வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது. முறங்களை மாற்றச் சொன்ன அன்று அவளுக்குக் காய்ச்சல். விளக்கை மாற்றச் சொன்ன அன்று அவள் புதுச் சேலை கட்டியிருந்தாள். இப்படிப் பத்துச் சாமான் முடிந்தது. பானைக்கு மட்டும் கை போகவில்லை. இரண்டு தடவை கிட்டே போய் நின்றான், இரண்டு தடவையும் திரும்பி வந்துவிட்டான். அத்தனை பெரிய வீட்டில் ஒரே ஒரு பானைதானே, யார் கண்ணில் படப்போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

புதன்கிழமை காலை ஒரு பெரிய கார் தோப்போரம் வந்து நின்றது. மோஸா உம்மாவுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். கறுப்பு அபாயா, முகத்தில் அந்தக் காலத்துப் பெண்கள் போடும் பொன்னிற மூக்கு மறைப்பு, கையில் ஒரு தடி. அஃப்னா பக்கத்தில் வர, கார்மேகம் பத்தடி தள்ளி நின்றான். கிழவி கிணற்றை எட்டிப் பார்த்துச் சிரித்தாள். பாகு வடிக்கிற அறையில் குனிந்து வாய்க்காலைத் தொட்டு விரலை மோந்து பார்த்தாள். பிறகு நடு அறைக்குள் காலை வைத்தவள், வைத்த இடத்திலேயே நின்றுவிட்டாள். தடி நேராகப் பானையைக் காட்டியது.

அஃப்னா திரும்பிக் கார்மேகத்தைப் பார்த்த பார்வையில் பேரீச்சை மரமே பட்டுப்போயிருக்கும்.

"யார் இதை இங்கே வச்சதுன்னு கேக்குறாங்க அண்ணே. நான் என்னத்தச் சொல்ல?"

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? கார்மேகம் வாயைத் திறந்தான். "எம் பொண்டாட்டி வச்சது மேடம். அப்படியே சொல்லுங்க." வெள்ளிக்கிழமை வீடியோ கால், 'ம்' என்று சொன்னது, அண்ணன் வீட்டு அடுப்படி, ஆறு வருஷம், எல்லாவற்றையும் சொன்னான். முதலில் நிறுத்தி நிறுத்திச் சொன்னவன் பிறகு அணை உடைந்ததுபோல் கொட்டிவிட்டான். அஃப்னா ஒன்றையும் விடாமல் அரபியில் சொன்னாள்.

கிழவி சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. மேற்கு மூலைக்குப் போய், காலியாகக் கிடந்த இடத்தில் தடியை ஊன்றி, மெல்லக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். ஜன்னலைக் காட்டி நெடுநேரம் பேசினாள். பிறகு அஃப்னா தமிழில் சொன்னாள்.

"இவங்க வாப்பா குவைத்துக்கு வேலைக்குப் போனவங்களாம். அப்ப இங்க எண்ணெயும் இல்ல, ஒண்ணும் இல்ல. வருஷக்கணக்கா வரமாட்டாங்களாம். யாராச்சும் அந்தப் பக்கமிருந்து வந்தாத்தான் சேதியே. பானை இந்த மூலையில இருந்தா, தண்ணி மொள்ள உக்காரும்போது ஜன்னல் வழியா பாதை தெரியும். அவங்க உம்மா ஒரு நாளைக்கு இருபது தடவை தண்ணி மொள்ளுவாங்களாம். தாகத்துக்கு இல்ல அண்ணே."

கார்மேகம் குனிந்து அந்தச் சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தான். தோப்புக்கு நடுவே கோபுரத்தைச் சுற்றிக்கொண்டு ஒற்றையடிப் பாதை ஒன்று போனது. ஆறு வருஷமாக அந்த ஜன்னலைத் துடைக்கிறான். ஒருநாள்கூட அதன் வழியாகப் பார்த்ததில்லை.

"ஒங்க வீட்டம்மா எதுக்குக் கதவுப் பக்கம் வைக்கச் சொன்னாங்கன்னு கேக்குறாங்க."

"கேட்டதில்ல மேடம்," என்றான். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது.

கிழவி இன்னும் ஏதோ சொன்னாள். அஃப்னா அதைச் சொல்லத் தயங்கினாள். "ஒங்க மேல வருத்தம் இல்லையாம். ஆனா இது எங்க உம்மா வீடு, எங்க உம்மா பானை, எங்க உம்மா வச்ச எடத்துலதான் இருக்கணுங்குறாங்க."

நியாயம்தானே? அதில் ஒரு எழுத்தைக்கூட அவனால் மறுக்க முடியவில்லை. போய்ப் பானையைத் தூக்கினான். காலிப் பானைதான், ஆனாலும் கனத்தது. மூலையில் இறக்கினான். கிழவி இடது பக்கம் கொஞ்சம், வலது பக்கம் கொஞ்சம் என்று தடியால் காட்டிக் கடைசியில் ஏதோ ஒரு வார்த்தை சொல்லித் தலையாட்டினாள். அவனுக்கு அந்த அரபி வார்த்தை புரியவில்லை. ஆனால் அதை அவன் எத்தனையோ வெள்ளிக்கிழமை தமிழில் கேட்டிருக்கிறான். கண் நிறைந்துவிட்டது. பூச்சு உதிர்ந்திருக்கிறதா பார்க்கிறவன்போலச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

வெள்ளிக்கிழமை வந்தது. வீட்டில் கேமரா மாட்டுகிற ஆட்கள் இருந்ததால் அவனுக்குக் காவல் டியூட்டி இல்லை. மூன்று மணிக்குக் கேம்ப் ரூமில் பாதிப்பேர் தூக்கம், மீதிப்பேர் துணி துவைக்கப் போயிருந்தார்கள். கார்மேகம் கீழ்க்கட்டிலில் உட்கார்ந்து, திரைத்துணியை ஒதுக்கிவிட்டு, போனை மடியில் வைத்துக்கொண்டான். மேலேயிருந்து விஜயபாஸ்கர் தலையை நீட்டி, "அண்ணே, வேணாண்ணே" என்றான். கார்மேகம் பட்டனை அழுத்தினான்.

நாகவள்ளி முகத்தில் சிரிப்போடு வந்தாள். கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பார்த்ததும் சிரிப்பு அப்படியே போய்விட்டது.

"ஐயோ, ஆஸ்பத்திரிலயா இருக்கீக? என்னங்க ஆச்சு?"

"ஆஸ்பத்திரி இல்ல புள்ள. நல்லாத்தான் இருக்கேன். இதான் என் ரூமு."

"அப்ப நம்ம வீடு?"

"அது நம்ம வீடு இல்ல வள்ளி. இந்த ஊர்க்காரவுக வீடு. நான் அங்க கூட்டிப் பெருக்குற ஆளு. மொதநாளே சொல்லிருக்கணும். சொல்ல வாய் வரல."

அவள் கண்ணாடிக்குள் மாட்டிய படம்போல் அசையாமல் இருந்தாள், நெட் நின்றுவிட்டதோ என்று அவன் பயந்தான். பிறகு மெல்லக் கேட்டாள். "அக்காட்ட, பக்கத்து வீட்டுல, எல்லார்ட்டயும் எங்க வீடு எங்க வீடுன்னு சொல்லி வச்சிருக்கேனே. மூணு தடவ வந்தீக. பக்கத்துல படுத்துருந்தீக. அப்பக்கூடவா வாய் வரல?"

லைன் அறுந்துவிட்டது. அவள்தான் அறுத்தாள்.

கார்மேகம் திரும்பக் கூப்பிடவில்லை. எந்த முகத்தோடு கூப்பிடுவான்? இரும்புச் சட்டத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவளை அந்த வீட்டின் நடு அறையில் ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு மத்தியானம் நிற்கவைத்துப் பார்த்திருக்கக்கூடாதா என்று நெஞ்சு கிடந்து தவித்தது. அவள் சொன்ன இடத்தில் சாமான், அவள் கையில் செம்பு. அதைத்தான் அவன் ஆறு வருஷமும் பார்த்துக்கொண்டிருந்தான். புளுகு சொன்னது அவளுக்காக என்று அதுவரை நினைத்திருந்தான். அதில் பாதி தனக்காகவும்தான் என்று அந்தக் கட்டிலில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது.

முக்கால் மணி நேரம் கழித்துப் போன் அடித்தது. நாகவள்ளி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். முகம் கழுவியிருந்தாள், ஆனால் கண் சிவந்துதான் இருந்தது.

"பானைய என்ன பண்ணுனீக?" என்றாள் எடுத்த எடுப்பில்.

அவன் மோஸா உம்மாவைப் பற்றிச் சொன்னான். குவைத்துக்குப் போனவரைப் பற்றி, ஜன்னலைப் பற்றி, ஒரு நாளைக்கு இருபது தடவை மொண்ட தண்ணீரைப் பற்றிச் சொன்னான். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப அந்தம்மா வச்ச எடந்தான் சரி. அங்கனயே இருக்கட்டும்."

"நீ எதுக்குப் புள்ள கதவுப் பக்கம் வைக்கச் சொன்ன? அந்தம்மா கேட்டாக. எனக்குச் சொல்லத் தெரியல."

"எதுக்குச் சொல்லுவாக? வெயில்ல கெடந்து உள்ள வந்ததும் ஒரு செம்பு மொண்டு குடிப்பீகன்னுதான். வந்த ஆளு மூல வரைக்கும் நடக்கணுமாக்கும்." சொல்லிவிட்டு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு, "காட்டுங்க," என்றாள்.

"எத?"

"நீங்க இருக்கிற எடத்த. ஒண்ணுவிடாமக் காட்டுங்க."

அவன் போனைத் திருப்பினான். ஆறடிக்கு இரண்டரையடிக் கட்டில். திரைத்துணி. ஆணியில் இரண்டு சட்டை. மேல்கட்டிலிலிருந்து தொங்கிய விஜயபாஸ்கரின் கால் சட்டென்று மேலே போய்விட்டது. கட்டிலுக்கடியில் பெட்டி, செருப்பு, சோப்பு டப்பா போட்ட வாளி. காட்டி முடிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை. வேறென்ன காட்டுவது என்று தெரியாமல் போனை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான்.

"குடிதண்ணி எங்க?" என்றாள் நாகவள்ளி.

"அடியில. பெட்டிக்குப் பின்னால பாட்டில் இருக்கு."

"டியூட்டி முடிஞ்சு வந்து குனிஞ்சு தேடிக்கிட்டா இருப்பீக? வெளிய எடுங்க."

எடுத்தான்.

"தலைமாட்டுல அந்தச் சட்டை தொங்குதுல்ல, அதக் கால்மாட்டு ஆணிக்கு மாத்துங்க. மாத்தியாச்சா? இப்ப அதுக்கடியில பாட்டில வைங்க. அங்க இல்ல, கையெட்டுற மாதிரி. இன்னங் கொஞ்சம் இந்தப் பக்கம்."

கார்மேகம் பாட்டிலை நகர்த்தினான்.

"ஆங்," என்றாள் அவள். "அதான் எடம்."